சொற்காவலர் தடுத்த மூன்று பேச்சு

கதை கேட்க வந்தவர்களே, உட்காருங்கள். உட்காரப் பொறுமை இல்லாதவர்கள் நின்றுகொண்டே கேளுங்கள், பாதகமில்லை. இந்தக் கதையில் வருகிறவரும் ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவித்தவர்தான்.

முன்னொரு காலத்தில், ஆறு கடலைத் தேடி ஓடுகிற வழியில், மருதந்துறை என்று ஒரு நகரம் இருந்தது. அதை ஆண்டவன் செங்கோடன் என்னும் அரசன். சந்திர குலத்தவன். அவன் கொடியில் ஒரு நிலாவும், நிலாவுக்குள் ஒரு முயலும் எழுதியிருக்கும். நல்ல அரசன்தான். ஆனால் அவனுக்குச் சத்தம் ஆகாது.

அந்த நகரத்துக்கோ சத்தம்தான் பெருமை. ஊர் நடுவில் ஒரு வாத மண்டபம் இருந்தது. வாசலில் ஒரு நாவல் கிளையை நட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம். கடவுள் உண்டு என்பான் ஒருவன். இல்லை என்பான் இன்னொருவன். இருக்கிறார், ஆனால் இப்போது ஊரில் இல்லை என்பான் மூன்றாமவன். மூவரையும் கேட்டுவிட்டு, மூவருக்கும் கைதட்டிவிட்டு, சுண்டலைக் கொறித்துக்கொண்டே சனங்கள் வீட்டுக்குப் போவார்கள்.

மண்டபத்தில் ஒரு வழக்கம் உண்டு. காதைக் கொடுத்துக் கேளுங்கள், கதையே அதன்மேல்தான் நிற்கிறது. எதிராளியை மறுக்க வேண்டுமானால், முதலில் அவன் கட்சியை அவனைவிட நன்றாக எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கிறவரை யாரும் குறுக்கே வாய் திறக்கக் கூடாது. முடித்ததும் எதிராளி எழுந்து, "ஆம், அதுதான் என் கட்சி" என்று ஒப்ப வேண்டும். அந்த 'ஆம்' வாங்கிய பிறகுதான் மறுப்பு. 'ஆம்' வாங்காமல் மறுக்கப் போனவனைப் பார்த்து, காற்றோடு மல்லுக்கு நிற்கிறான் என்று ஊரே சிரிக்கும். தெருவில் சண்டை போடும் பிள்ளைகள்கூட, "நீ சொன்னது இதானே? ஆம் சொல்லு, அப்புறம் அடிக்கிறேன்" என்பார்களாம்.

அந்த மண்டபத்துச் சிங்கம் அழிசியார். எதிராளியின் கட்சியை அவர் எடுத்துச் சொன்னால், எதிராளிக்கே கண் கலங்கும். "இத்தனை அழகாகவா நான் சொன்னேன்!" என்று மயங்கி 'ஆம்' சொல்வான். அடுத்த நொடி அவன் கட்சி தவிடுபொடி. அழிசியாருக்குத் தலைக்கனம் உண்டு. இருக்கத்தானே செய்யும்? தாயில்லாமல் வளர்ந்த ஒரே மகள் எயினியிடம் மட்டும்தான் அவர் தோற்பார். அக்கரையில் பாய் பின்னுகிறவர்களில் ஒருவனைத்தான் கட்டுவேன் என்று அவள் நின்றபோதும் தோற்றார். கடல்கொண்ட ஏதோ ஒரு பட்டினத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் அந்த அக்கரைக்காரர்கள். பேச்சு வேறு, பழக்கம் வேறு. ஊர் முகத்தைச் சுளித்தது. மகள் சிரித்தாள். அவருக்கு அது போதும்.

ஒருநாள் மண்டபத்தில், உயிருக்கு எடை உண்டா இல்லையா என்று வாதம் நடந்தது. வாதம் முற்றிக் கைகலப்பானது. உயிருக்கு எடையே இல்லை என்ற கட்சிக்காரன் எறிந்த கல்லுக்கு நல்ல எடை இருந்தது. அது பறந்து போய், வழியோடு போன அரசனின் வெண்கொற்றக் குடையைக் கிழித்தது.

அரசன் அழிசியாரை அழைத்தான். "புலவரே, மேடை ஏறுகிறவன் என்ன சொல்லப் போகிறான் என்று முன்கூட்டியே நீர் கேட்டுவிடும். ஊருக்கு ஆகாததைத் தடுத்துவிடும். இன்று முதல் நீர் சொற்காவலர்" என்றான்.

அரசன் கேட்டது பாதிதான். மீதிப் பாதியை அழிசியாரே சேர்த்துக் கொடுத்தார். கெட்டிக்காரர்களிடம் இது ஒரு தொல்லை. கேட்டதோடு நிறுத்தமாட்டார்கள். "அரசே, தடுத்த பேச்சைப் பொது இடத்தில் யாருமே எடுக்கக் கூடாது. மறுப்பதற்கென்று எடுத்தாலும் எடுத்தது எடுத்ததுதானே? மீறுகிறவன் வாயைத் துணியால் கட்டி எல்லைக்கு வெளியே விட வேண்டும்" என்றார்.

அரசன் மகிழ்ந்தான். சட்டம் முரசறையப்பட்டது. மண்டபத்தின் பக்கத்தில் அவருக்கென்று ஒரு கேள்வி அறை கட்டிக் கொடுத்தார்கள். கதவு கனத்த கதவு. உள்ளே பேசுவது வெளியே கேட்காது.

முதலில் ஒருவன் வந்தான். வழிப்போக்கன், தாடிக்காரன். "ஐயா, நிலாவில் இருப்பது முயல் இல்லை. அங்கே மலைகள் இருக்கின்றன. நாம் பார்ப்பது அவற்றின் நிழல்" என்றான். அழிசியாருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கொடியில் இருக்கும் முயல் நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றது. தடுத்துவிட்டார். தாடிக்காரன் தோளைக் குலுக்கிவிட்டு, வேறு ஊர் பார்த்துப் போனான்.

அந்த மழைக்காலத்தில் மருதந்துறையில் ஒரு காய்ச்சல் வந்தது. குளிர் தூக்கித் தூக்கிப் போடும். தெருவுக்குத் தெரு படுக்கை. வீட்டுக்கு வீடு கஷாயம். சுண்டல் விற்கிறவன்கூடக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தான்.

அப்போது இரண்டாமவன் வந்தான். பெயர் தத்தன். துறைமுகத்தில் கப்பல் பாய் தைக்கிறவன். காய்ச்சலுக்கு மனைவியைக் கொடுத்துவிட்டு, அவளைச் சுட்ட சாம்பலின் மணம் போவதற்குள் வந்திருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அக்கரைக்காரங்கதான் ஐயா நம்ம கிணத்துல ஏதோ கலக்குறாங்க" என்றான். "அவங்க ஊர்ல ஒருத்தனுக்காவது காய்ச்சல் இருக்கா? விடியக் காலைல குடத்தைத் துணியால மூடிக்கிட்டு நம்ம கிணத்தடிக்கு எதுக்கு வர்றாங்க? அவங்க நம்ம சந்தைக்கு வரப்போக இருந்த பிறகுதானே இத்தனையும்? நான் மேடையேறிச் சொல்லணும்."

அழிசியார் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். அக்கரையில்தானே எயினி இருக்கிறாள்! ஒரு பேச்சுக்கு இத்தனை பயந்தது அவருக்கு அதுவே முதல் தடவை. தடுத்துவிட்டார்.

மறுநாளே மூன்றாவதாக ஒருத்தி வந்தாள். வேண்மாள் என்று பெயர். கப்பல் வணிகனின் கைம்பெண். வசதிக்குக் குறைவில்லை, வாய்க்கும் குறைவில்லை. இளவரசன் பிறந்த மகிழ்ச்சியில் அரசன் வெட்டிய தாமரைக் குளத்தின் எதிரேதான் அவள் மாளிகை. அவளுடைய பேரன், பேத்தி இருவரும் காய்ச்சலில் கிடந்தார்கள்.

"அந்தக் குளத்துக்குத் தண்ணி வர வாய்க்கால் இருக்கு, போகக் கலிங்கு இல்ல" என்றாள். "வந்த தண்ணி நின்னு அழுகுது. சாயங்காலமானா கொசு அப்பிக்கிட்டு மொய்க்குது, நாத்தம் குடலைப் பிடுங்குது. குளத்தைச் சுத்தித்தான் காய்ச்சல் அதிகம். அந்த நாத்தந்தான் காய்ச்சலா வருதுன்னு எனக்குத் தோணுது. தப்பா இருந்தா யாராவது எழுந்து மறுக்கட்டும். சரியா இருந்தா குளத்துக் கரையை வெட்டித் தண்ணியை விடுங்க. என் பிள்ளைங்க பொழைக்கட்டும்."

அவள் சொன்னதில் பாதி சரி, பாதி பிழை. எது எந்தப் பாதி என்று உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அழிசியாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் மண்டபம் இருந்தது.

ஆனால் இளவரசன் பேரில் வெட்டிய குளத்தை நாற்றம் என்று ஒருத்தி மேடையில் சொல்வதா? மேலும், நேற்றுத்தான் தத்தனைத் தடுத்தோம், இன்று இவளை விட்டால் ஓரவஞ்சனை ஆகாதா? ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு வைக்கிற ஆளா அழிசியார்? அவளையும் தடுத்துவிட்டார். நடுநிலை தவறவில்லை என்ற திருப்தியோடு அன்று இரண்டு கரண்டி சோறு அதிகமாகவே சாப்பிட்டார்.

மூன்று பேச்சும் கனத்த கதவுக்குப் பின்னால் பத்திரமாக இருப்பதாக அவர் நினைத்தார். பாவம், அவருக்குப் பேச்சைப் பற்றித் தெரியும். ஊரைப் பற்றித் தெரியாது.

தத்தனின் பேச்சு கதவிடுக்கில் நுழைந்து வெளியே போனது. அதற்கு என்ன, மேடையா வேண்டும்? கிணற்றடியில் ஒரு காது, சலவைத் துறையில் ஒரு காது, சந்தையில் ஒரு காது. "சொல்லக் கூடாதாம், ஆனா உனக்கு மட்டும் சொல்றேன்" என்று தொடங்கினால் போதும். தடுத்த பேச்சு என்பதே அதற்கு நெய் வார்த்தது. "பொய்யா இருந்தா எதுக்குத் தடுக்கணும்? நெருப்பில்லாம புகையுமா?" என்றார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பாகும் என்பார்களே, இங்கே கட்டெறும்பு கொழுத்துக் கழுதையாயிற்று. ஒரு குடம் என்பது நூறு குடமாயிற்று. ஏதோ கலக்கிறார்கள் என்பது பாம்பு விஷம் என்றாயிற்று.

வேண்மாளின் பேச்சோ அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. அதை ஒரு காதில் ஊத முடியாது. கலிங்கு என்றால் என்ன என்று சொல்ல வேண்டும், எந்தத் தெருவில் காய்ச்சல், எந்தத் தெருவில் இல்லை என்று எடுத்துக்காட்ட வேண்டும், நாலு பேர் நாலு கேள்வி கேட்க வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும். தலைவலியோடு கஷாயம் காய்ச்சுகிறவளுக்கு இதையெல்லாம் கேட்க நேரம் ஏது?

அழிசியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆசனத்தில் உட்காருவார், எழுவார். கதவைத் திறப்பார், மூடுவார். சந்தை வழியாக நடந்தால், அவரைக் கண்டதும் பேச்சு சட்டென்று நிற்கும். அவர் கடந்ததும் மறுபடி தொடங்கும். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு காலையில் எயினி வந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. கையில் குடம் இல்லை.

"கிணத்தடில குடத்தைப் பிடுங்கி உடைச்சுட்டாங்கப்பா" என்றாள். "மூஞ்சியில காறித் துப்புறாங்க. என்ன தப்பு பண்ணோம்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க. 'சொல்லக் கூடாது, ஆனா உனக்குத் தெரியும்'ங்கிறாங்க. எனக்குத் தெரியலியேப்பா! எங்க மேல என்ன பழி? உங்களுக்குத் தெரியாம இருக்காது. சொல்லுங்க. சொன்னாத்தானே இல்லைன்னு நான் பதில் சொல்ல முடியும்?"

அழிசியாருக்குத் தெரியும். தத்தன் சொன்னது வரி வரியாகத் தெரியும். மகளின் முகத்தைப் பார்த்தார். வாய் வரை வந்ததை விழுங்கினார். சொல்லிவிட்டால் அவள் கிணற்றடியில் அதை எடுத்து மறுக்கப் போவாள். மறுத்தால் அவள் வாயில்தானே துணி கட்டுவார்கள்?

"வீட்டுக்குப் போ அம்மா. கொஞ்ச நாள் இந்தக் கரைக்கு வராதே" என்றார்.

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். வாழ்நாள் முழுக்க எதிராளியின் மனதைப் படித்தவர் அவர். அந்தப் பார்வையைப் படிக்க அவருக்கு ஒரு நொடி ஆகவில்லை. கூனிக் குறுகிப் போனார்.

அரசனிடம் ஓடினார். "அரசே, தத்தன் பேச்சைத் திறந்துவிடுங்கள். மண்டபத்தில் வைத்து நான் மறுக்கிறேன்."

அரசனின் முகம் வாடியிருந்தது. இளவரசனுக்கும் காய்ச்சல் கண்டிருந்தது. "ஒன்றைத் திறந்தால் மற்றதையும் திறக்க வேண்டுமே, புலவரே. குளத்தைப் பற்றி ஏதோ ஒரு பேச்சைத் தடுத்தீராமே? அதுவும் வெளியே வருமே" என்றான். "வேண்டுமானால் முரசறைந்து மறுப்பைச் சொல்லச் சொல்கிறேன். பழியைச் சொல்லக் கூடாது. மறுப்பை மட்டும் சொல்லட்டும்."

முரசு புறப்பட்டது. "இதனால் சகலருக்கும் அறிவிப்பது! அக்கரை மக்கள் அந்தக் காரியத்தைச் செய்யவில்லை!"

"எந்தக் காரியத்தை?" என்று கேட்டார்கள் சனங்கள்.

"அதைச் சொல்ல எனக்கு உத்தரவில்லை" என்றான் முரசறைவோன்.

அட, அட! அதுவரை அந்தப் பழியைக் கேள்விப்படாத தெருக்கள் சில இருந்தன. முரசு போன பிறகு, எந்தக் காரியம் என்று விசாரிக்காத வீடே இல்லை. சாயங்காலத்துக்குள் காது கேளாத கிழவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் சிரிக்கிறீர்கள். அழிசியார் தலையில் அடித்துக்கொண்டார்.

அதன்பின் ஒருநாள், உச்சிப் பொழுது. கேள்வி அறையில் உட்கார மாட்டாமல் உலாத்திக்கொண்டிருந்த அழிசியார் திடுக்கிட்டு நின்றார். ஊரில் சத்தமே இல்லை. சந்தையில் கூவல் இல்லை, தறியோசை இல்லை, வண்டிச் சக்கரம் இல்லை. அரசன் ஆசைப்பட்ட அமைதி அதுதான்.

வெளியே வந்தார். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு வாசலில் போர்த்திக்கொண்டு கிடந்த நோயாளி, ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினான். அழிசியார் ஓடினார். ஓடி எத்தனையோ காலம் ஆயிற்று. மேலாடை நழுவி விழுந்தது, எடுக்கவில்லை. கால் இடறியது, நிற்கவில்லை.

துறையில் ஊரே திரண்டிருந்தது. ஓடங்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் கம்பு, கையில் காய்ந்த ஓலைக் கட்டு, நடுவில் தீச்சட்டிகள். முன்னால் நின்றவன் தத்தன். எதிரே, ஆற்றுக்கு அப்பால், பாய் காயப்போட்ட கூரைகள் தெரிந்தன. அவற்றில் ஒன்று எயினியின் வீடு.

நில்லுங்கள் என்று கத்தினார். யாரும் திரும்பவில்லை. அரசன் ஆணை என்றார். ஒருவன் அவரைத் தோளால் இடித்துத் தள்ளினான். அழுதார். ஊரில் அழாதவர் யார்? அதையும் யாரும் கவனிக்கவில்லை.

கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஓடம் ஒன்றின்மேல் ஏறினார். மண்டபக் குரலை வரவழைத்துக்கொண்டார்.

"தத்தன் கட்சியை எடுத்துச் சொல்கிறேன்!" என்றார்.

கைகள் நின்றன. பழக்கம் அப்படி. ஒருவன் எதிராளியின் கட்சியை எடுத்துச் சொல்லும்போது குறுக்கே பேசினால் பிள்ளைகள்கூடத் தலையில் குட்டுவார்கள், மருதந்துறையில். அதோடு, இத்தனை நாளும் குசுகுசுவென்று சொல்லி வந்ததை ஒருவர் வெட்டவெளியில், வாய் நிறைய, சட்டத்தை மிதித்துக்கொண்டு சொல்லப் போகிறார். கேட்காமல் இருக்க முடியுமா?

அழிசியார் சொன்னார். மனைவியை இழந்தவன் துக்கத்திலிருந்து தொடங்கினார். ஒரு கரையில் பிணம் விழ, மறு கரையில் ஒரு தும்மல்கூட இல்லையே என்றார். விடியலில் துணி மூடிய குடங்களோடு வருகிற அந்த ஓசையில்லாத பாதங்களைச் சொன்னார். அவர்கள் நம் சந்தைக்குள் வந்த பிறகுதானே நம் வீட்டுக்குள் சாவு வந்தது என்றார். கூட்டத்தில் பெண்கள் விம்மினார்கள். சொல்லச் சொல்ல அவருக்கே அது மெய்போலப் பட்டது. நானே இவர்களை ஓடத்தில் ஏற்றி அனுப்புகிறேனோ என்று உள்ளுக்குள் நடுங்கினார். ஆனாலும் ஒரு சொல்லைக் குறைக்கவில்லை. குறைத்தால் 'ஆம்' வராது.

முடித்தார். "தத்தா, இதுதானே உன் கட்சி?"

தத்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆம். அதுதான் என் கட்சி."

"அக்கரையில் காய்ச்சல் இல்லை. மெய். நம் குயவர் தெருவிலும் இல்லை. அப்படியானால் குயவர்களும் விஷம் கலந்தார்களா?"

கூட்டத்தில் நின்ற குயவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கையிலிருந்த ஓலையைக் கொஞ்சம் தாழ்த்தினார்கள்.

"மூடிய குடத்தோடு வருகிறார்கள். மெய். அக்கரை ஊற்று உப்புக் கரிக்கும். அதனால் நம் கிணற்றுத் தண்ணீரைத்தான் மொண்டுபோய்க் குடிக்கிறார்கள். தூசு விழாமல் துணி கட்டுகிறார்கள். என் மகள் வீட்டில் அந்தக் குடத்திலிருந்துதான் நானும் குடித்தேன். தான் குடிக்கிற கிணற்றில் எவன் விஷம் போடுவான்?"

கூட்டத்தில் சிலர் அக்கரையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நம் சந்தைக்கு அவர்கள் எத்தனை வருடமாக வருகிறார்கள்? காய்ச்சல் வந்தது எந்த மழைக்கு?"

தத்தன் ஓடத்தின் அருகே வந்தான். "அப்போ என் பெண்டாட்டி எதனால செத்தா?" என்று கத்தினான். "அதைச் சொல்லுங்க! சும்மா இல்லை இல்லைன்னா எப்படி?"

கூட்டம் ஆமோதித்து உறுமியது. துக்கம் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகாது. எதையாவது பிடித்துக்கொண்டுதான் போகும். அழிசியார் கூட்டத்துக்குள் கண்ணை ஓட்டி வேண்மாளைத் தேடினார்.

அவள் அங்கேதான் நின்றிருந்தாள். முன் வரிசையில். அவள் கையிலும் ஓலைக் கட்டு இருந்தது.

அழிசியார் குனிந்து அவள் கையைப் பார்த்தார். "நீயுமா அம்மா?"

"என் பேரன் போயிட்டான்" என்றாள் வேண்மாள். "குளம் குளம்னு எனக்கு நானே எத்தனை நாள் சொல்லிக்கிட்டிருக்க முடியும்? கேட்க ஆளில்லாம எனக்கே அது பைத்தியக்காரத்தனமாப் பட்டுச்சு. ஊரெல்லாம் ஒண்ணைச் சொல்லும்போது நானும் வந்துட்டேன்."

அப்போதுதான் அழிசியாருக்குத் தாம் செய்தது முழுதாக விளங்கியது. ஓடத்தின்மேல் நிமிர்ந்து நின்றார்.

"வேண்மாள் கட்சியை எடுத்துச் சொல்கிறேன். அரசன் குளத்துக்கு வரத்து உண்டு, கலிங்கு இல்லை. நின்ற தண்ணீர் அழுகுகிறது. குளத்தைச் சுற்றியே காய்ச்சல் அதிகம். தூரத்தில் இருக்கும் குயவர் தெருவுக்கு இல்லை, ஆற்றுக்கு அப்பால் இருக்கும் அக்கரைக்கும் இல்லை. குளத்தை வெட்டிவிட்டால் பிள்ளைகள் பிழைக்கும் என்று இவள் என்னிடம் வந்து சொன்னாள். தப்பாக இருந்தால் மறுக்கச் சொன்னாள். நான் மறுக்கவும் இல்லை, பேச விடவும் இல்லை. இதுதானே அம்மா உன் கட்சி?"

வேண்மாளின் கையிலிருந்து ஓலைக் கட்டு விழுந்தது.

"ஆம்" என்றாள்.

மண்டபத்தில் எத்தனையோ 'ஆம்' வாங்கியவர் அழிசியார். அதைப் போல ஒன்றை அவர் வாங்கியதில்லை. ஓடத்தின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் செய்தி கேட்டு அரசன் வந்தான். கூட்டம் விலகி வழிவிட்டது. "தடுத்த பேச்சைப் பொது இடத்தில் எடுத்தீர். ஒன்றல்ல, இரண்டு. சட்டம் தெரியுமா?" என்றான்.

"நான் சொல்லிக் கொடுத்த சட்டம்தானே, அரசே. வாயைக் கட்டுங்கள்" என்றார் அழிசியார்.

அரசன் கட்டவில்லை. அவன் கண் வேண்மாள்மேல் இருந்தது. வீட்டில் அனலாய்க் கொதிக்கும் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவன் அவன். "குளத்தை வெட்டிவிட்டால் காய்ச்சல் நிற்குமா தாயே?" என்று கேட்டான்.

"நிக்கும்னு நினைக்கிறேன்" என்றாள் அவள். "நிக்கலேன்னா மண்டபத்துல கூப்பிட்டுக் கேளுங்க. வந்து பதில் சொல்றேன்."

தீ வைக்க வந்த கைகள் மண்வெட்டி எடுத்தன. கரையை வெட்டினார்கள். நாறிய தண்ணீர் ஆற்றுக்கு ஓடியது. காய்ச்சல் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. மெல்ல மெல்லத்தான் தணிந்தது. இளவரசன் பிழைத்தான். வேண்மாளின் பேத்தி பிழைத்தாள். அவள் பேரனும், தடுத்த நாளுக்கும் திறந்த நாளுக்கும் நடுவே போன மற்றப் பிள்ளைகளும் திரும்பி வரவில்லை.

கேள்வி அறையின் கதவைக் கழற்றினார்கள். அழிசியாருக்கு அரசன் ஒரு தண்டனை கொடுத்தான். மண்டபத்தில் முதல் ஆளாக உட்கார வேண்டும், யார் எதைப் பேசினாலும் முழுக்கக் கேட்க வேண்டும், பிடிக்காத பேச்சுக்கு எழுந்து போகக் கூடாது. வாயைக் கட்டியிருந்தாலே தேவலை என்று அவர் பலமுறை நினைத்ததுண்டு.

மண்டபத்தில் தடையில்லாமல் பேச்சு தொடங்கிய அன்று வாசலில் முதல் நாவல் கிளையை நட்டவன் யார் தெரியுமா? தத்தன்! மழை விட்டதால்தான் காய்ச்சல் விட்டது, குளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அக்கரைக்காரர்கள்மேல் எனக்கு இன்னும் சந்தேகம்தான் என்று பேச வந்திருந்தான்.

அரசனின் முகம் சுண்டியது. அழிசியார் பக்கம் குனிந்தான். "இவனையுமா விடச் சொல்கிறீர்?"

அவனைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் என்று அழிசியாரின் உடம்பெல்லாம் பதறியது. கையை மடிக்குள் வைத்து இறுக்கிக்கொண்டார்.

"இவனைத்தான் முதலில், அரசே" என்றார்.

தத்தன் பேசினான். கடைசிச் சொல் வரை பேசினான். ஒருவரும் குறுக்கிடவில்லை. அவன் முடித்ததும், அக்கரையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தவர்கள் நடுவிலிருந்து எயினி எழுந்தாள். தன்மேல் சொன்ன பழியை, யாரும் மறைக்காமல், ஊரறியக் கேட்டது அவளுக்கு அதுவே முதல் முறை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தகப்பனைத் திரும்பியும் பாராமல் மேடையேறினாள்.

"தத்தன் கட்சியை எடுத்துச் சொல்றேன்" என்று தொடங்கினாள்.

அந்த வாதத்தில் யார் வென்றார்கள் என்று கேட்காதீர்கள். அன்று ஓடம் எதுவும் அவிழவில்லை. எனக்கு அது போதும். நீங்கள் எழுந்து போகும்போது இதை மட்டும் கையோடு கொண்டுபோங்கள்: பொய் பரவுவதற்கு ஒரு காது போதும், மெய் நிலைப்பதற்கு ஒரு மேடை வேண்டும், ஆகையால் பொய்க்குப் பயந்து மேடையை மூடுகிறவன் மெய்யின் கழுத்தைத்தான் நெரிக்கிறான்.